வீட்டுப் பூனையும் வந்த பூனையும்

மதீனத்து அன்சாரிகளுள் ஒருவரான அபூ கதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்வதற்காக, அவர்களின் மருமகள் கப்ஷா ஒரு பாத்திரத்தில் நீர் வார்த்து வைத்தார். அங்கு வந்த பூனையொன்று அந்நீரில் வாய் வைத்தது. அபூ கதாதா அவர்கள் அதனை விரட்டவில்லை. அது குடித்து முடியும்வரை பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியந்து நோக்குவதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று என்றும், அது உங்களைச் சுற்றிச் சுற்றி வருபவர்களைச் சேர்ந்தது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை எடுத்துரைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூது, திர்மிதீ முதலிய நூல்களிலும் இந்நிகழ்ச்சி இடம் பெற்றுள்ளது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய சொல் ‘தவ்வாஃபீன்’ என்பதாகும். இதே வேரினின்று பிறந்த ‘தவ்வாஃபூன்’ என்னும் சொல்லைத் திருமறையின் அந்நூர் அத்தியாயம் 58ஆம் வசனத்தில் காண்கிறோம். பணியாளரும் பருவமடையாத சிறுவரும் மூன்று வேளைகள் நீங்கலாக ஏனைய நேரங்களில் அனுமதி கோராமலே வீட்டினுள் வந்து போகலாம் என்று கூறுமிடத்தில் அச்சொல் வருகிறது. எனவே பூனைக்கு இச்சொல்லை வழங்கியபோது, வீட்டுக்குள் உரிமையோடு உலவும் சிறுவரின் வரிசையில் அதற்கும் ஓரிடம் கிடைத்துவிட்டது. நபிமொழிக்கு உரை வரைந்த அறிஞர்கள் இந்தப் பொருத்தத்தை எடுத்துக் காட்டியுள்ளனர்.

இந்த உரிமை வெறும் ஏட்டளவில் நின்றுவிடவுமில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொழுது கொண்டிருந்த வேளையில் ஒரு பெண் ஹரீஸா என்னும் உணவைக் கொண்டு வந்தார். வைத்துவிடுமாறு அன்னையார் சைகை காட்டினார்கள். இதற்குள் பூனையொன்று வந்து அதில் சிறிது தின்றது. தொழுகை முடிந்ததும், பூனை தின்ற அந்த இடத்திலிருந்தே அன்னையாரும் எடுத்து உண்டார்கள் என்று அபூதாவூதில் காண்கிறோம். நபித்தோழர்களுள் மிகுதியான நபிமொழிகளை அறிவித்த அபூ ஹுரைரா (ரலி) அவர்களின் பெயரே பூனைக்குட்டியால் வந்தது. ‘ஹிர்ரா’ என்றால் பெண் பூனை; ‘ஹுரைரா’ என்பது அதன் குறுமை வடிவம். தம் குடும்பத்தாரின் ஆடுகளை மேய்த்த நாளில் ஒரு சிறு குட்டியை இரவில் மரத்தில் வைத்துவிட்டு, பகலில் உடன் கொண்டு சென்று அதனோடு விளையாடியதாக அவர்களே கூறியிருப்பதைத் திர்மிதீ பதிவு செய்துள்ளார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘முஅஸ்ஸா’ என்றொரு பூனை வளர்த்ததாகவும், அதன் உறக்கத்தைக் கலைக்க மனமின்றித் தம் அங்கியின் கையை வெட்டியதாகவும் ஒரு செய்தி பரவலாக வழங்குகிறது. ஆறு பெரும் நபிமொழித் தொகுப்புகளில் எதிலும் இது கிடையாது. சட்டைக் கையை வெட்டிய செய்தி, ஹிஜ்ரி 578இல் (கி.பி. 1182) மறைந்த ஷைகு அஹ்மது ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதாகும். தொழுகை முடிந்து திரும்பியபோது பூனை எழுந்து போயிருக்கவே, வெட்டிய கையை மீண்டும் தைத்துக் கொண்டார்கள் என்பர். மெய்யான சான்றுகள் இவ்வளவு இருக்க, ஆதாரமற்ற ஒன்றைச் சேர்த்து அவற்றின் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை.

இனி நம் பொருளுக்கு வருவோம். பூனைக்கு வீட்டில் இடமுண்டு என்பது தெளிவு. ஆனால் அவ்விடத்தில் ஏற்கெனவே முதிய பூனைகள் இருக்கின்றன; வாசலில் தாயற்ற குட்டியொன்று வந்து கத்துகிறது. இப்போது செய்யத் தக்கது யாது? குட்டியின் மீது இரக்கம் கொள்வது எளிது. அந்த இரக்கத்திற்கு விலை கொடுப்பவர் யார் என்பதே கேள்வி.

பூனைகளிடையே எழும் இந்தச் சிக்கலை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அறிஞர் நுட்பமாகக் கண்டு எழுதினார். அவர் கெய்ரோவில் வாழ்ந்த கமாலுத்தீன் தமீரீ (ரஹ்). ஹிஜ்ரி 742இல் பிறந்து 808இல் (கி.பி. 1405) மறைந்த அவர், இளமையில் தையல் தொழில் செய்தவர், பின்னர் அல் அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜுக்கு விரிவுரை எழுதிய ஷாபிஈ சட்ட அறிஞர். ஆயினும் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது, உயிரினங்களை அகர வரிசையில் நிறுத்தி அவர் எழுதிய ‘ஹயாத்துல் ஹயவான்’ என்னும் பெருநூலால்தான்.

அந்நூலில் பூனைக்கு அரபியிலுள்ள பெயர்களைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. நாட்டுப்புறத்து அரபி ஒருவர் இன்னதென்று அறியாமலே ஒரு பூனையைப் பிடித்து வந்தார். எதிர்ப்பட்ட ஒருவர் அதை ‘சின்னவ்ர்’ என்றார்; அடுத்தவர் ‘ஹிர்ரு’ என்றார்; மற்றொருவர் ‘கித்து’ என்றார்; இப்படியே ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் சொல்லிச் சென்றனர். இத்தனை பெயருடைய பொருள் பெரும் விலை போகும் என்று மகிழ்ந்து சந்தைக்குக் கொண்டு போனால், அதன் மதிப்பு அரைத் திர்ஹம்தான் என்றார்கள். பெயரோ ஏராளம், விலையோ அற்பம் என்று சபித்து அவர் அதை வீசியெறிந்து போனாராம். சந்தையில் விலையில்லாத உயிர் என்பதால்தான் அது எளிதில் வீசியெறியப்படுகிறது என்பதை இக்கதை சொல்லாமல் சொல்கிறது.

அதே நூலில் தமீரீ மற்றொன்றும் கூறுகிறார். ஒரு வீட்டில் பழகிவிட்ட பூனை, வேறொரு பூனை உள்ளே நுழைவதைத் தடுக்கும். தன் இனமேயாயினும் அதனோடு கடுமையாகப் போரிடும். வீட்டார் புதியதன் மீது விருப்பங்கொண்டு தன்னைவிட அதனை முற்படுத்தக் கூடும், அல்லது உணவில் அதற்கும் பங்கு வைக்கக் கூடும் என்பதை அது அறிந்திருப்பதே காரணம் என்பது அவர் கருத்து. இது வெறும் பொறாமையெனத் தள்ளத் தக்கதன்று. தன் இடம் பறிபோகுமோ என்னும் அச்சம், பேச்சற்ற உயிருக்கும் உண்டு என்பதை அவர் கண்டு கொண்டார்.

இன்றைய கால்நடை மருத்துவமும் இதனை வேறு சொற்களில் உரைக்கிறது. பூனை தனக்கென ஓர் எல்லை வகுத்து வாழும் பிராணி. அவ்வெல்லையை அது பெரிதும் மணத்தால் அறிகிறது. பத்து வயதைக் கடந்த பூனையை முதுமை எய்தியதாகக் கணக்கிடுவர். அவ்வயதில் மூட்டுகள் வலிக்கும், பற்கள் தளரும், பார்வையும் செவியும் மங்கும், சிறுநீரகம் நலிவுறும். துள்ளி விளையாடும் குட்டி வாலைப் பிடித்திழுத்தால் விலகி ஓடவோ உயரமான இடத்தில் ஏறித் தப்பவோ அதனால் இயலாது. தெருவிலிருந்து வரும் குட்டியோடு குடல் தொற்றும், படர்தாமரையும், தெள்ளுப்பூச்சியும் உடன் வரக்கூடும். ஆகவே குட்டியை முதலில் மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசிக்கு வழி செய்து, இரண்டு வாரங்களாவது தனி அறையில் வைக்க வேண்டும் என்பர். அது படுத்த துணியை முதிய பூனையிடமும், முதியதன் துணியைக் குட்டியிடமும் வைத்து மணத்தைப் பழக்குதல், மூடிய கதவின் இருபுறமும் வைத்து உணவளித்தல், பின்னர்ச் சிறிது சிறிதாக நேரில் காட்டுதல் ஆகியன அடுத்த படிகள். கலத்தைத் தனித்தனியே வைத்தலும், முதியதற்குக் குட்டி எட்டாத ஓரிடம் ஒதுக்குதலும் என்றென்றும் வேண்டுவன. பங்கு குறையுமோ என்று தமீரீயின் பூனை அஞ்சியது. பங்கு குறையாது என்று அதற்கு உணர்த்தும் முறையே இவை அனைத்தும்.

சட்ட நூல்களும் இந்தப் பங்கைப் பற்றிப் பேசியுள்ளன. பூனையைக் கட்டிப் போட்டு, உணவும் தராமல், மண்ணில் ஊரும் சிற்றுயிர்களைத் தின்னவும் விடாமல் சாகடித்த ஒரு பெண் தண்டனைக்கு உள்ளானதைப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர். பிராணிக்கு உணவளிப்பது அதனை உடையவர் மீது கடமை என்பதற்கு இதனை ஆதாரமாகக் கொண்டார்கள் இமாம் நவவீ (ரஹ்). தம் பிராணிகளுக்குத் தீனியும் நீரும் தராமல் ஒருவர் மறுத்தால், ஒன்று தீனியளிக்க வேண்டும், அன்றி விற்றுவிட வேண்டும் என்று அவரை வற்புறுத்தலாம் என்பது மின்ஹாஜின் தீர்ப்பு. உண்ணத் தகும் பிராணியாயின் அறுப்பதும் மூன்றாவது வழியாகும். இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. வாசலில் நிற்கும் குட்டிக்கு இரங்குவது நற்செயல். வீட்டிலிருக்கும் பூனைக்கு உணவளிப்பதோ கடமை. நற்செயலைச் செய்ய விழைபவர் கடமையிலிருந்து கடன் வாங்கலாகாது.

இவ்வாறு கூறுவதால், வந்த குட்டியைத் துரத்திவிட வேண்டும் என்று நாம் சொல்வதாகக் கொள்ளலாகாது. ஹிஜ்ரி 334இல் (கி.பி. 946) பக்தாதில் மறைந்த சூஃபிப் பெரியார் ஷிப்லீ (ரஹ்) அவர்களைப் பற்றித் தமீரீ, இப்னு அஸாகிரின் வரலாற்றிலிருந்து ஒரு செய்தியை எடுத்துத் தருகிறார். அவர்கள் மறைந்தபின் ஒருவர் அவர்களைக் கனவில் கண்டு, இறைவன் தங்களை எதனால் மன்னித்தான் என்று வினவினாராம். பக்தாதுத் தெருவில், கடுங்குளிரில் நலிந்து சுவரோரமாக ஒதுங்கித் திரிந்த ஒரு பூனைக்குட்டியை எடுத்துத் தம் கம்பளி உடைக்குள் வைத்துக் காத்தமைக்காகவே மன்னிக்கப் பெற்றதாக அவர்கள் மறுமொழி கூறினார்களாம். கனவு சட்டத்திற்கு ஆதாரமாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் வணக்கத்தாலும் துறவாலும் பெயர் பெற்ற ஒருவரின் வாழ்விலிருந்து, மக்கள் தேர்ந்தெடுத்துப் போற்றிய செயல் எது என்பதை இது காட்டுகிறது.

முதிய உயிரின் பக்கம் நின்று பேசும் மற்றொரு வரலாறும் உண்டு. இப்னு பாபஷாது என்னும் இலக்கண அறிஞர் ஃபாத்திமிய எகிப்தின் அரசு ஓலைக் களத்தில் பணியாற்றினார். அரசின் கடிதங்கள் அவர் பார்த்துப் பிழை திருத்திய பின்னரே வெளியே செல்லும். அதற்கு அவருக்கு ஊதியம் உண்டு. ஒருநாள் பள்ளிவாசலின் மேல்தளத்தில் தோழர்களோடு அவர் உணவருந்துகையில் பூனையொன்று வந்தது. ஒரு கவளம் கொடுத்தனர்; கவ்விக் கொண்டு மறைந்தது. மீண்டும் வந்தது; மீண்டும் கொடுத்தனர். பலமுறை இவ்வாறு நிகழவே, ஒரு பூனை இவ்வளவும் தின்னாதே என்று ஐயுற்றுப் பின்தொடர்ந்தனர். பாழடைந்த ஓரிடத்தில் கண் தெரியாத பூனையொன்று இருந்தது. வந்த பூனை தன் வாயிலிருந்த கவளத்தை அதன் முன் வைத்துக் கொண்டிருந்தது. வாயற்ற குருட்டுப் பிராணிக்கு மற்றொரு பிராணியைப் பணிவிடை செய்ய வைத்த இறைவன் தம்மைக் கைவிடுவானா என்று உள்ளம் உருகிய இப்னு பாபஷாது, பதவியைத் துறந்து பள்ளிவாசலில் ஒதுங்கி வாழ்ந்தார். ஹிஜ்ரி 469இல் (கி.பி. 1077) ஓர் இரவு அப்பள்ளியின் மேல்தளத்திலிருந்து தவறி விழுந்து மறைந்தார் என்று இப்னு கல்லிகான் தம் ‘வஃபயாத்துல் அஃயான்’ நூலில் எழுதியுள்ளார்.

கவளத்துக்காகப் போரிடும் பூனையைத் தமீரீ காட்டினார். கவளத்தைச் சுமந்து செல்லும் பூனையை இப்னு கல்லிகான் காட்டினார். இரண்டும் ஒரே இனந்தான். பட்டினியும் அச்சமும் நீங்கிய இடத்தில் முதலாவது இரண்டாவதாக மாறுவதும் உண்டு.

இறுதியாக, கெய்ரோ நகரின் ஓர் அறக்கட்டளையை நோக்குவோம். மம்லூக் சுல்தான் ழாஹிர் பைபர்ஸ் ஹிஜ்ரி 658 முதல் 676 வரை (கி.பி. 1260 – 1277) ஆண்டவர். நகரின் வடபுறத்தில், தாம் கட்டிய பள்ளிவாசலின் அருகே ஒரு தோட்டத்தை ஆதரவற்ற பூனைகளின் உணவுக்காக அவர் வக்ஃபு செய்தார் என்பர். 1836இல் எகிப்தியரின் பழக்க வழக்கங்கள் பற்றி நூல் வெளியிட்ட எட்வர்ட் லேன் என்னும் ஆங்கிலேயர், அத்தோட்டத்தின் பிற்கால நிலையை எழுதியுள்ளார். சீர்செய்யப் பெரும் பொருள் வேண்டும் என்று காரணம் காட்டி அறங்காவலர்கள் தோட்டத்தை விற்றனர்; அது மீண்டும் மீண்டும் கைமாறியது. முடிவில் பூனைகளுக்கென்று ஆண்டுக்கு 15 பியாஸ்தர் குத்தகைப் பணமே எஞ்சியது. வக்ஃபுகளின் பாதுகாவலர் என்ற முறையில் உணவளிக்கும் பொறுப்பு நகரத்துக் காஜியின் தலையில் விழுந்தது. நாளடைவில் அதுவும் குறைந்தது. ஆனால் நகர மக்களோ, தம் வீட்டுப் பூனை வேண்டாம் என்று தோன்றினால் அதனைக் காஜியின் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவது வழக்கமாயிற்று.

ஆதரவற்ற பூனைக்காக ஏற்பட்ட அறம், பூனையை ஆதரவற்றதாக்க ஒரு வசதியாகிவிட்டது. இவ்வீழ்ச்சி சுல்தானுடைய தோட்டத்தோடு முடிந்த ஒன்றன்று. ஈன்ற குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையிலோ பள்ளிவாசல் முற்றத்திலோ விட்டு வருகிறவர், யாரேனும் பார்த்துக் கொள்வர் என்று தம்மைத் தாமே தேற்றிக் கொள்கிறார். புதுக்குட்டியின் அழகில் மயங்கி, கிழப் பூனையைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளுகிறவரும் அவரினின்று வெகுதொலைவில் இல்லை. முன்னவர் கைவிடுவதை வெளியே செய்கிறார். பின்னவர் வீட்டுக்குள்ளேயே செய்கிறார்.

ஆகவே குட்டியை எடுப்பவர் எடுக்கட்டும். எடுக்குமுன், இருக்கும் பூனைகளின் உணவு குறையாதா, படுக்குமிடம் பறிபோகாதா, நோய் தொற்றாதா என்று தம்மையே வினவட்டும். மூன்றுக்கும் வழி செய்ய இயலுமாயின், குட்டிக்குக் கதவைத் திறக்கலாம். இயலாதாயின், நன்கு பேணும் வேறொரு வீட்டில் அதனைச் சேர்ப்பிக்கும் வரையில் வாசலில் உணவும் நீரும் வைப்பதும் இரக்கமே. பெருக்கம் மிகாதிருக்கக் கருத்தடை செய்யும் வழியும் இன்று உண்டு. அது பொருந்துமா என்பதைத் தத்தம் ஆலிம்களிடம் கேட்டறிந்து கொள்க.

சுற்றிச் சுற்றி வருபவை என்று பெயர் பெற்ற உயிர்கள் இவை. முதுமையால் நடை தளர்ந்து, சுற்றி வர இயலாமல் ஒரு மூலையில் ஒடுங்கிய காலத்திலும் அப்பெயர் அவற்றை விட்டு நீங்குவதில்லை. அப்போது நாம் அவற்றைச் சுற்றி வருவதே முறையாகும்.