பாஸ்டன் சமையலறையிலிருந்து வந்த படம்

கறுப்புக் கோடுகளால் வரைந்த சமையலறை. அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கவனிக்காமலே தொட்டி நிரம்பித் தண்ணீர் தரையில் கொட்டுகிறது. பின்னால் ஒரு பையன் ஸ்டூலில் ஏறி, மேலே இருக்கும் ஜாடியிலிருந்து பிஸ்கட் திருடுகிறான். ஸ்டூல் சாய்கிறது. கீழே ஒரு சிறுமி கையை நீட்டி நிற்கிறாள்.

1972-இல் ஹரால்ட் குட்கிளாஸும் ஈடித் கேப்லனும் வெளியிட்ட பாஸ்டன் அஃபேசியா (மூளைப் பாதிப்பால் வரும் பேச்சுக்கோளாறு) பரிசோதனையோடு வந்த படம் இது. பக்கவாதத்தாலோ தலையில் பட்ட அடியாலோ பேச்சு பாதிக்கப்பட்டவரிடம் காட்டி, என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்வார்கள். மூளையின் இடப்பக்க முன்பகுதி பழுதானவர் பெரும்பாலும் ஒவ்வொரு சொல்லாகத் திணறி எடுப்பார். பின்பகுதி பழுதானவர் தங்குதடையின்றிப் பேசுவார், ஆனால் பொருள் பிடிபடாது.

1980-களில் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் மறதிநோய் கண்டவர்களிடம் இதே படத்தைக் காட்டிக் குரலைப் பதிவு செய்தார்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் பக்கவாத அளவுகோலிலும் படம் இடம்பிடித்தது. அந்த அளவுகோல் போன அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கெல்லாம் கூடவே போய், தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது.

இங்கேதான் எனக்குக் கவலை. ஜாடியில் என்ன இருக்கிறது என்பதை அதன் மேல் எழுதியிருக்கும் ஆங்கில எழுத்துதான் சொல்கிறது. அதைப் படிக்கத் தெரியாத பாட்டி, "பையன் எதையோ எடுக்கிறான்" என்பார். "எதையோ", "அது", "இது" போன்றவை அதிகமானால் சொல் கிடைக்காமல் தடுமாறுகிறார் என்று கணக்கு வைப்பது வழக்கம். கொல்லையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தே பழகியவருக்கு நின்றுகொண்டு கழுவும் தொட்டி உடனே பிடிபடாமல் போகலாம். படத்தின் குறை மூளையின் குறையாகப் பதிவாகிவிடும். அதே அளவுகோலின் பெயர் சொல்லும் அட்டையில் இரு முனையிலும் கட்டிய வலைப்படுக்கை ஒன்று இருந்தது. தூளி என்றாலும் ஊஞ்சல் என்றாலும் மதிப்பெண் உண்டா என்பதைப் பரிசோதிப்பவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

இலக்கணத்தைக் கணக்கிடுவது இன்னும் நுட்பமான வேலை. ஆங்கிலம் பேசும் நோயாளி வினையின் விகுதியை விட்டுவிடுவதுண்டு. தமிழில் "எடுக்கிறான்" என்பதில் விகுதியை உதிர்த்தால் "எடு" என்ற கட்டளையாகிவிடும். ஆகவே விடுபடுவதை மட்டும் எண்ணினால் போதாது, ஒரு விகுதியின் இடத்தில் இன்னொன்று வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். "அம்மா தட்டு தொடைக்குது" என்று அஃறிணை விகுதியோடு ஒருவர் சொன்னால் அது பிழையா? "அக்கா சொல்லுச்சு" என்பதே பல வீடுகளின் இயல்பான பேச்சு. ஏட்டுத் தமிழை அளவாக வைத்தால் நல்ல மூளையும் தோற்றுப்போகும்.

2019-இல் அமெரிக்காவிலேயே படத்தைத் திருத்தி வரைந்தார்கள். புதிய படத்தில் வீட்டுவேலையில் ஆணும் பங்கெடுக்கிறான். அவர்களுக்கே அரை நூற்றாண்டில் அந்தச் சமையலறை பழையதாகிவிட்டது. நமக்கு வேண்டியது நம் தெருவையோ திண்ணையையோ காட்டும் படம். அதைப் பக்கவாதம் வராத, படித்த, படிக்காத, பல வட்டாரத்துத் தமிழர்களிடம் முதலில் காட்டி, அவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். அதுவரை, கட்டிலருகே நிற்கும் மகளிடம் "அம்மா முன்னாடி எப்படிப் பேசுவாங்க?" என்று கேட்ட பிறகே மதிப்பெண் போடுவது நியாயம்.