மிஞ்சிய இருக்கைகள்

‘ஓசி’ என்னும் சொல்லுக்கு நம்மிடையே ஒரு பிறப்புக் கதை வழங்கி வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் அலுவல் கடிதங்களுக்கு அஞ்சல் கட்டணம் கிடையாதாம். ‘ஆன் கம்பெனி சர்வீஸ்’ என்பதன் சுருக்கத்தை அவற்றின்மேல் எழுதி அனுப்புவார்களாம். அதுவே மக்கள் வாயில் ஓசி ஆயிற்றாம். சொல்லாராய்ச்சி அறிஞர்கள் இதை ஏற்பார்களோ மாட்டார்களோ, கதையின் தர்க்கம் சுவையானது. கம்பெனியின் தபால் மூட்டை எப்படியும் போகத்தான் போகிறது. அதில் இன்னும் ஒரு கடிதம் ஏறினால் மூட்டைக்கு என்ன நட்டம்?

இந்தத் தர்க்கத்தின்மேல் அமெரிக்க இராணுவம் ஒரு பெரும் பயண ஏற்பாட்டையே கட்டியிருக்கிறது. படைத்தளங்களுக்கு இடையே பறக்கும் விமானங்களில், சரக்கும் அலுவல் பயணிகளும் ஏறியபின் இருக்கை மிஞ்சினால், படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் ஓய்வு பெற்றோரும் கட்டணமின்றி அதில் பறக்கலாம். ‘ஸ்பேஸ் அவெய்லபிள்’ என்பது அதன் பெயர். பழகியவர்கள் ‘ஸ்பேஸ்-ஏ’ என்பார்கள். மூன்று பிள்ளைகளுள்ள ஒரு சார்ஜெண்டின் குடும்பம் ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ விடுமுறைப் பயணம் போவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை என்று பயணக் குறிப்புகள் பரிந்துரைக்கின்றன. அது உண்மைதான். ஆயினும் மலிவு என்ற ஒரு சொல்லுக்குள் இதன் வரலாறு அடங்கிவிடுவதில்லை.

அவ்வரலாறு சட்டத்தில் தொடங்கவில்லை, வழக்கத்தில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல், அமெரிக்கத் தரைப்படையின் விமானப் பிரிவு ‘ஏர் டிரான்ஸ்போர்ட் கமாண்ட்’ என்னும் போக்குவரத்துப் பிரிவை உருவாக்கியது. கண்டங்களுக்கு இடையே ஆளும் தளவாடமும் ஏற்றிச் சென்ற அவ்விமானங்கள் திரும்பும்போது பெரும்பாலும் பாதி காலியாக இருந்தன. விடுப்பில் ஊர் திரும்பும் வீரன் விமானத்தளத்துக்குப் போய், தன் திசையில் செல்லும் விமானியிடம் இடம் கேட்டு ஏறிக்கொள்வான். இதற்கு ‘ஹாப்’ என்று பெயர். நம் நெடுஞ்சாலைகளில் லாரிக்குக் கைகாட்டி ஏறுவதைப் போன்றது அது.

போர் முடிந்தது, படைகள் முற்றாக வீடு திரும்பவில்லை. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஆக்கிரமிப்புப் படையாக நின்றவை, பனிப்போர் மூண்டதும் நிரந்தரப் படைகளாயின. பல்லாயிரம் இளைஞர்களை ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரித்து வைத்திருக்க முடியாது என்பது விரைவிலேயே தெரிந்தது. 1946 ஏப்ரலில், அமெரிக்கப் படையினரின் மனைவியரையும் குழந்தைகளையும் ஏற்றிய முதல் கப்பல் ஜெர்மனியின் பிரெமர்ஹாஃபென் துறைமுகத்தை அடைந்தது. அதன்பின் ஒவ்வொரு படைத்தளத்திலும் பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் தேவாலயமும் கொண்ட ஒரு சிறு அமெரிக்க ஊர் எழுந்தது. அவ்வூரில் வாழ்ந்தவர்களுக்குத் தாய்தந்தையர் கடலுக்கு அப்பால் இருந்தார்கள். விமானக் கட்டணமோ சாதாரணச் சிப்பாயின் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மிஞ்சிய இருக்கைக்குப் பெருந்தேவை பிறந்தது இவ்விடத்தில்தான்.

1948 ஜூன் முதல் நாள், விமானப்படையின் போக்குவரத்துப் பிரிவும் கடற்படையின் போக்குவரத்துப் பிரிவும் இணைந்து ‘மாட்ஸ்’ என்ற பொது அமைப்பாயின. அதே மாத இறுதியில் பெர்லின் நகரின் தரைவழிகளைச் சோவியத் அரசு அடைக்கவே, நிலக்கரியும் மாவும் வானவழியே கொண்டுசெல்லும் பெரும்பணி அதன் தலைமேல் வந்து விழுந்தது. அடுத்த பத்தாண்டுகளில் மாட்ஸ் உலகெங்கும் வழித்தடங்கள் கொண்ட மாபெரும் அமைப்பாக வளர்ந்தது. இவ்வமைப்பே 1966-இல் ‘மிலிட்டரி ஏர்லிஃப்ட் கமாண்ட்’ என்றும், அதன் வாரிசு 1992-இல் ‘ஏர் மொபிலிட்டி கமாண்ட்’ என்றும் பெயர் பெற்றன. பெயர்கள் மாறினாலும் இருக்கை மிஞ்சும் கணக்கு மாறவில்லை.

எதிர்ப்பு வேறொரு திசையிலிருந்து வந்தது. 1950களில் தனியார் விமான நிறுவனங்கள் மாட்ஸைக் கண்டு பொருமின. அரசாங்கமே வரிப்பணத்தில் ஒரு விமான நிறுவனத்தை நடத்தி எங்கள் பயணிகளைப் பறிக்கிறது என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் முறையிட்டன. போர்க்காலத்தில் தனியார் விமானங்களை இராணுவம் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு 1951-இலேயே உருவாகியிருந்தது. 1960-இல் ஐசனோவர் அரசு வகுத்த கொள்கை, வழக்கமான இராணுவப் பயணிகளில் பெரும்பகுதியைத் தனியாரிடம் ஒப்படைத்து, மாட்ஸைக் கனரகச் சரக்கின் பக்கம் திருப்பியது. அதன் விளைவு ஸ்பேஸ்-ஏ பயணியின் இருக்கையிலேயே தெரியும். இராணுவம் வாடகைக்கு அமர்த்தும் பயணிகள் விமானங்கள் ‘பேட்ரியட் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் பறக்கின்றன. அவற்றில் சன்னலும் சாப்பாடும் உண்டு, சிறு வரித்தொகை மட்டும் கட்ட வேண்டும். மற்றவை சரக்கு விமானங்கள். அமெரிக்க நிலப்பரப்புக்குள் குடும்பத்தார் இவ்வாறு பறப்பதற்கு நெடுங்காலம் பொதுவாக அனுமதி இல்லை. 2003-இல்தான் படைவீரருடன் சேர்ந்து பறக்கச் சோதனை முறையில் வழிவிட்டார்கள், பின்னர் அது நிலைத்தது.

சரக்கு விமானத்தில் பறப்பது எப்படி? சி-141 ஸ்டார்லிஃப்டர் 1965 முதல் 2006 வரை இப்பயணிகளைச் சுமந்தது. சன்னலில்லாத நீண்ட குழாய் போன்ற அதன் வயிற்றில் காதடைப்பானைச் செருகிக்கொண்டு மணிக்கணக்கில் அமர்ந்திருக்க வேண்டும். சி-5 கேலக்ஸியில் சரக்கறைக்கு மேலே 73 இருக்கைகள் உள்ள தனித் தளம் உண்டு. செங்குத்தான ஏணிப்படியில் ஏற வேண்டும். இருக்கைகள் விமானத்தின் பின்புறத்தை நோக்கியிருக்கும். அது பழுதாகி நிற்பதில் பேர்போனது. அழகான கடற்கரையுள்ள ஊராகப் பார்த்துத்தான் அது பழுதாகும் என்று பயணிகள் கேலி செய்வார்கள். சி-17-இல் பக்கச் சுவரோரம் 54 இருக்கைகள். நடுவில் கவச வண்டியோ ஹெலிகாப்டரோ சங்கிலியால் பிணைத்துக் கிடக்கும். எரிபொருள் நிரப்பும் கேசி-135-இல் தலைப்பக்கம் வெக்கை, காலடியில் குளிர். குழந்தைகளுக்குக் கம்பளிப் போர்வை கொண்டு போவது வழக்கம் அறிந்த தாய்மார்களின் முதல் பாடம்.

ஆனால் இப்பயணத்தில் கடினமான பகுதி விமானத்துக்குள் இல்லை, அதற்கு முன்னால் முனையத்தில் இருக்கிறது. முதலில் பெயரைப் பதிவுசெய்ய வேண்டும். முற்காலத்தில் நேரில் போக வேண்டியிருந்தது, பிறகு தொலைநகல் வந்தது, பிறகு மின்னஞ்சல். பதிவு அதிகபட்சம் 60 நாள் செல்லும். அடுத்த 72 மணிநேரத்துக்கான விமானங்களின் உத்தேசப் பட்டியல் வெளியாகும். குறித்த நேரத்தில் மூட்டைமுடிச்சுடன் கூடத்தில் நின்றால் பெயர்களை வாசிப்பார்கள். தகுதியுள்ளோர் ஆறு வகையினர். திடீர் மரணம், கடும்நோய் ஆகியவற்றால் அவசர விடுப்பில் போவோர் முதல் வகை. கடுமையான சூழலுள்ள இடங்களில் பணிபுரிந்து ஓய்வுக்காக வெளியேறுவோர் அடுத்து. சாதாரண விடுப்பில் செல்லும் வீரரும் உடன்வரும் குடும்பத்தாரும் மூன்றாம் வகை. நான்கிலும் ஐந்திலும், படைவீரர் உடனில்லாமல் தனியே பயணிக்கும் மனைவி மக்கள் உள்ளிட்டோர். இருபதாண்டு, முப்பதாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் ஆறாவதில், கடைசியில்.

இப்பட்டியலின் வியப்புக்குரிய விதி ஒன்று: ஒரே வகைக்குள் யார் முதலில் பதிவு செய்தார் என்பதுதான் கணக்கு, பதவி கணக்கில்லை. காலையில் எழுவது முதல் உணவுக்கூடத்தில் உட்காருவது வரை பதவி வரிசையிலேயே வாழும் ஒரு நிறுவனத்தில், இந்த ஒரு கூடத்தில் மட்டும் கர்னல் காத்திருக்கச் சிப்பாய் ஏறிப்போவான். தாய் இறந்த செய்தி வந்த பத்தொன்பது வயதுப் பையன் எல்லோரையும் முந்துவான். உயர்ந்தவர் யார் என்ற கேள்வியை விட்டு, அவசரம் யாருக்கு என்ற கேள்வியைக் கேட்கும் வரிசை அது.

இருந்தும் இவ்வரிசைக்கு ஒரு கொடிய விளிம்பு இருந்தது. குடும்பத்தாரின் தகுதி முழுவதும் படைவீரர் உயிரோடிருப்பதைப் பொறுத்ததாகவே பல பத்தாண்டுகள் விதி இருந்தது. முப்பதாண்டுக் காலம் கணவனோடு தளம் தளமாக வீடு மாற்றி, பிள்ளைகளைப் பள்ளி மாற்றி வளர்த்தவள், அவன் இறந்த அன்றே வரிசையிலிருந்து விலக்கப்பட்டாள். பணியிலிருக்கையில் மாண்டவனின் மனைவிக்கும் அதே கதிதான். விதவையரைச் சேர்க்கக் கோரி மசோதாக்கள் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டன. கூட்டம் பெருகும், பணியிலிருப்போரின் இடம் குறையும் என்று பாதுகாப்புத் துறை தயங்கியது. 2013 ஜனவரியில் இயற்றிய சட்டம்தான் இந்த ஏற்பாட்டுக்குத் தெளிவான சட்ட அடித்தளம் தந்தது. 2018-இல் ஒரு திருத்தம், பணியால் நேர்ந்த முழு ஊனத்துடன் வாழும் முன்னாள் வீரர்களை ஆறாம் வகையில் சேர்த்தது. காலி இருக்கை ஒன்றுக்கு யார் உரியவர் என்ற கேள்விக்கு விடை காணவே ஒரு நாட்டுக்கு இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

உரியவர் என்ற சொல்லைக்கூட எச்சரிக்கையோடுதான் பயன்படுத்த வேண்டும். இது உரிமை அன்று, சலுகை என்று விதிகள் அழுத்திச் சொல்கின்றன. இப்பயணிகளுக்கென்று கூடுதல் விமானம் விடக்கூடாது. வழியில் எந்தத் தளத்திலும் அலுவல் பயணியோ சரக்கோ வந்தால் இவர்களை இறக்கிவிடலாம். திரும்பிவர விமானம் கிடைக்காவிட்டால் தனியார் விமானத்துக்குச் சீட்டெடுக்கப் பணம் கையில் வைத்திருப்பது பயணியின் பொறுப்பு. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று இருக்கைதான் மிஞ்சுமானால், பிரிந்து போவதா, எல்லோரும் மறுநாளுக்குக் காத்திருப்பதா என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்க வேண்டும். பள்ளி விடுமுறை கோடையில் வருகிறது. படையினர் பணிமாற்றம் பெற்று இடம்பெயர்வதும் கோடையில்தான். ஆக, பிள்ளைகள் உள்ள குடும்பம் புறப்படும் காலமே இருக்கை அருகும் காலம். நான்கு நாள் விடுதி வாடகையும் உணவும் கட்டினால் மிச்சம் பிடித்த பணம் பாதி கரைந்துவிடும். ஓய்வு பெற்ற தம்பதியர் வரிசையில் கடைசியாக இருந்தும் அதிகம் மகிழ்வது இதனால்தான்: அவர்களிடம் காலம் இருக்கிறது. இந்தப் பயணத்தின் நாணயம் காலம். அது மிகுதியாக உள்ளவருக்கு இது இலவசம், இல்லாதவருக்குச் சூதாட்டம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது இந்த ஏற்பாடு நிறுத்தப்பட்டு, பின்னர் படிப்படியாகத் திரும்பியது. வாசல்கள் மூடியதும், இதையே நம்பியிருந்த குடும்பங்களுக்குச் சலுகை என்ற சொல்லின் பொருள் விளங்கியிருக்கும். பணி பெருகினால் இருக்கை குறையும்; உலகம் அமைதியாக இருந்து விமானங்கள் பாதி காலியாகப் பறந்தால் பாட்டி பேரனைப் பார்ப்பாள். தேவை மிகும் வேளையில்தான் வரவு சுருங்கும் விசித்திரமான கொடை இது.

தொடக்கத்தில் சொன்ன கம்பெனிக் கடிதத்துக்கு வருவோம். ஓசி என்றால் எதுவும் கொடுக்காமல் பெறுவது என்று பொருள் கொள்கிறோம். ஸ்பேஸ்-ஏ வரிசையில் நிற்பவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். பிறந்த ஊரிலிருந்து அவர்களை ஆயிரக்கணக்கான கல் தொலைவில் கொண்டு வைத்ததும் அந்தக் கம்பெனிதான், திரும்பிப் போக மிஞ்சிய இருக்கையைக் காட்டுவதும் அந்தக் கம்பெனிதான். பயணச்சீட்டின் விலையை அவர்கள் முன்கூட்டியே கொடுத்திருக்கிறார்கள். இருக்கை எந்த நாளில் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.