ஒன்டாரியோ உள்ளாட்சித் தேர்தல்: வாக்கு மக்களிடம், விதிகள் மாகாண அரசிடம்

கனடாவின் மக்கள்தொகை மிகுந்த மாகாணமான ஒன்டாரியோவில் 444 உள்ளாட்சி அமைப்புகள் உள்ளன. குடிநீர், கழிவுநீர், குப்பை அகற்றல், உள்ளூர்ச் சாலைகள், பேருந்து சேவை, தீயணைப்பு, நூலகம், பூங்கா என அன்றாட வாழ்வைத் தொடும் பணிகள் பெரும்பாலும் இவற்றின் பொறுப்பில் வருகின்றன. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, அக்டோபர் மாதத்தின் நான்காவது திங்கள்கிழமையன்று, மாகாணம் முழுவதும் ஒரே நாளில் உள்ளாட்சித் தேர்தல் நடத்தப்படுகிறது. 2022-ஆம் ஆண்டில் அக்டோபர் 24-ஆம் தேதி தேர்தல் நடைபெற்றது. அந்த வரிசையில் 2026-ஆம் ஆண்டின் தேர்தல் நாள் அக்டோபர் 26 ஆகும்.

உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் மக்கள். ஆனால் மன்றத்தில் எத்தனை உறுப்பினர்கள் இருக்க வேண்டும், மேயருக்கு எவ்வளவு அதிகாரம், நகரின் எல்லை எது என்பவற்றை இறுதியாகத் தீர்மானிப்பது மாகாண அரசே. ஒன்டாரியோவின் உள்ளாட்சி அரசியலைப் புரிந்துகொள்ள இதுவே அடிப்படை.

அரசமைப்புச் சட்டம் என்ன சொல்கிறது?

கனடாவின் 1867-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 92-ஆவது பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் குறித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தை மாகாணங்களுக்கு மட்டுமே வழங்குகிறது. இந்தியாவில் 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஐந்தாண்டு பதவிக்காலத்தையும், தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையத்தையும் உறுதி செய்துள்ளது. கனடாவில் அத்தகைய அரசமைப்புப் பாதுகாப்பு கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் சட்டம் (1996), நகராட்சிச் சட்டம் (2001), டொரண்டோ மாநகரச் சட்டம் (2006) ஆகிய மூன்றும் மாகாணப் பேரவை இயற்றிய சாதாரணச் சட்டங்கள். பேரவையில் பெரும்பான்மை பெற்ற அரசு அவற்றைத் திருத்த முடியும்.

ஓரடுக்கும் ஈரடுக்கும்

டொரண்டோ, ஒட்டாவா, ஹாமில்டன் போன்ற நகரங்களில் ஒரே மன்றம் எல்லாப் பணிகளையும் கவனிக்கிறது. மார்க்கம், வான், ரிச்மண்ட் ஹில் போன்ற நகரங்களுக்குத் தனி மன்றங்கள் இருப்பினும், காவல்துறை, பொது சுகாதாரம் போன்ற பணிகள் அவற்றுக்கு மேலுள்ள யார்க் பிராந்திய மன்றத்தைச் சேர்ந்தவை.

இந்த அமைப்பும் நிலையானதன்று. டொரண்டோவையும் அதைச் சூழ்ந்த ஸ்கார்பரோ, நார்த் யார்க், எட்டோபிகோ உள்ளிட்ட உள்ளாட்சிகளையும் மாகாண அரசு 1998 ஜனவரி 1 முதல் ஒரே மாநகரமாக இணைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு நடத்தப்பட்ட பொதுவாக்கெடுப்பில் வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினர் இணைப்பை எதிர்த்திருந்தனர். எனினும் அந்த முடிவு அரசைக் கட்டுப்படுத்தவில்லை. மிசிசாகா, பிராம்ப்டன், கேலடன் ஆகியவற்றை உள்ளடக்கிய பீல் பிராந்தியத்தைக் கலைக்க 2023-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த முடிவைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது.

யார் வாக்களிக்கலாம்?

18 வயது நிறைவடைந்த கனடியக் குடிமக்கள் வாக்களிக்கலாம். அந்த ஊரில் வசிப்பவராகவோ, அங்கு வீடு அல்லது நிலத்தின் உரிமையாளராகவோ, வாடகைதாரராகவோ, அத்தகையவரின் கணவன் அல்லது மனைவியாகவோ இருத்தல் வேண்டும். நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்கள், பணி அனுமதியில் இருப்பவர்கள், வெளிநாட்டு மாணவர்கள் ஆகியோருக்கு வாக்குரிமை இல்லை. இவர்களில் சொந்த வீடு வாங்கியவர்கள் சொத்து வரி செலுத்துகின்றனர். உள்ளாட்சிகளின் முதன்மை வருவாயே அந்த வரிதான்.

கட்சிச் சின்னம் இல்லாத தேர்தல்

மேயரும் மன்ற உறுப்பினர்களும் கட்சி சார்பில் போட்டியிடுவதில்லை. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் மட்டுமே இடம்பெறும். வேட்புமனுக் கட்டணம் மேயர் பதவிக்கு 200 டாலர், மற்ற பதவிகளுக்கு 100 டாலர். நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளர்களுக்கு நன்கொடை அளிக்க 2016-இல் தடை விதிக்கப்பட்டது. கல்விக் குழு உறுப்பினர்களும் அதே நாளில் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். ஆங்கிலப் பொதுப்பள்ளி, ஆங்கிலக் கத்தோலிக்கப் பள்ளி, பிரெஞ்சுப் பொதுப்பள்ளி, பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பள்ளி என நான்கு வகைக் குழுக்கள் உள்ளன.

தேர்தலை நடத்துபவர் அந்தந்த உள்ளாட்சியின் செயலர். தனித் தேர்தல் ஆணையம் இதில் ஈடுபடுவதில்லை. வாக்களிக்கும் முறையை அந்தந்த உள்ளாட்சியே தேர்ந்தெடுக்கலாம். மார்க்கம் நகரம் 2003-ஆம் ஆண்டிலேயே இணையவழி வாக்களிப்பைத் தொடங்கியது. 2022 தேர்தலில் 200-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் அந்த வசதியை வழங்கின. லண்டன் என்னும் ஒன்டாரியோ நகரம் 2018-இல் விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் முறையைப் பயன்படுத்தியது. இரண்டே ஆண்டுகளில் மாகாண அரசு சட்டத்தைத் திருத்தி அந்த வாய்ப்பை நீக்கியது.

பிரசாரத்தின் நடுவே மாறிய விதி

மாகாண அரசின் அதிகாரம் எந்த அளவுக்குச் செல்லும் என்பதை 2018-ஆம் ஆண்டின் டொரண்டோ தேர்தல் காட்டியது. 47 வார்டுகளுக்கு வேட்புமனு தாக்கல் மே 1-ஆம் தேதி தொடங்கியது. மனு தாக்கலுக்குக் கடைசி நாளான ஜூலை 27 அன்று, மன்ற உறுப்பினர் எண்ணிக்கை 25-ஆகக் குறைக்கப்படும் என மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் அறிவித்தார். ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. வீடு வீடாகச் சென்று வாக்கு கேட்டுக்கொண்டிருந்த வேட்பாளர்களின் வார்டுகளே மறைந்தன.

ஒன்டாரியோ உயர் நீதிமன்றம் செப்டம்பர் 10-ஆம் தேதி அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. ஒன்பது நாள்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்ததால், அக்டோபர் 22-இல் 25 வார்டுகளுக்கே தேர்தல் நடந்தது. கனடா உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 1-ஆம் தேதி, 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில், மாகாண அரசின் நடவடிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அரசமைப்பு உறுதிசெய்யும் வாக்குரிமை நாடாளுமன்றத்துக்கும் மாகாணப் பேரவைக்கும் உரியது, உள்ளாட்சிக்குப் பொருந்தாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

மேயருக்குக் கூடுதல் அதிகாரம்

மரபுப்படி மேயருக்கும் மன்றத்தில் ஒரே ஒரு வாக்குதான். 2022-இல் இயற்றப்பட்ட சட்டங்கள் இதை மாற்றின. டொரண்டோ, ஒட்டாவா மேயர்கள் வரவு செலவுத் திட்டத்தை முன்வைக்கவும், தலைமை நிர்வாக அதிகாரியை நியமிக்கவும், மாகாண முன்னுரிமைகளுக்கு இடையூறாகும் துணை விதிகளை நிராகரிக்கவும் அதிகாரம் பெற்றனர். நிராகரிப்பை முறியடிக்க மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. குறிப்பிட்ட விவகாரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஆதரவு இருந்தாலே மேயரால் துணை விதியை நிறைவேற்ற முடியும். வீட்டுவசதியை விரைவுபடுத்தவே இந்த ஏற்பாடு என்கிறது அரசு. பெரும்பான்மை ஆட்சி என்னும் கோட்பாட்டையே இது தலைகீழாக்குகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். 2025 மே மாதத்தில் மேலும் 169 உள்ளாட்சிகளுக்கு இந்த அதிகாரம் விரிவுபடுத்தப்பட்டது.

குறையும் வாக்குப்பதிவு

2022-இல் டொரண்டோவில் வாக்களித்தோர் 30 சதவீதத்துக்கும் குறைவு. பல சிற்றூர்களில் மேயர் பதவிக்கே போட்டியில்லை. கட்சிப் பெயர் இல்லாததால் வேட்பாளரை இனங்காண்பது கடினம் என்பது ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. மேயர் ஜான் டோரி பதவி விலகியதால் 2023 ஜூனில் நடந்த இடைத்தேர்தலில் 102 பேர் களமிறங்கினர். அதில் ஒலிவியா சௌ வென்றார்.

குறைந்த வாக்குப்பதிவு, ஒருங்கிணைந்த சமூகங்களின் வாக்குக்குக் கூடுதல் மதிப்பளிக்கிறது. இலங்கைத் தமிழர் பெருமளவில் குடியேறிய ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதிகள் இதற்குச் சான்று. 2006-இல் மார்க்கம் மன்ற உறுப்பினரான லோகன் கணபதி, 2018-இல் மாகாணப் பேரவைக்குத் தேர்வானார். கல்விக் குழுவிலும் பின்னர் மார்க்கம் மன்றத்திலும் பணியாற்றிய ஜுவனிட்டா நாதன், 2025-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

தேர்ந்தெடுக்கப்படும் மன்றங்கள் நவம்பர் 15-ஆம் தேதி பொறுப்பேற்கும். சொத்து வரி எவ்வளவு, பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, எந்தத் தெருவில் அடுக்குமாடி எழலாம் என்பன அந்த மன்றங்களின் முன் வரும் கேள்விகள். அவற்றுக்கு விடை காணும் எல்லையை வகுப்பது மாகாணப் பேரவை. எனவே தங்கள் நகரின் போக்கை மாற்ற விரும்பும் ஒன்டாரியோ வாக்காளருக்கு, அக்டோபரில் அளிக்கும் வாக்கு பாதி வேலைதான். மறுபாதி மாகாணத் தேர்தலில் இருக்கிறது.