படைவீரர் நெஞ்சத் துடிப்பு

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) பிலடெல்பியா நகரப் படை மருத்துவமனைக்கு விந்தையான நோயாளர் பலர் வந்தனர். திடீரென நெஞ்சு படபடக்கும், மார்பு வலிக்கும், மூச்சுத் திணறும், தலை சுழலும். போருக்கு அஞ்சி நடிப்போர் எனச் சிலர் ஐயுறலாயினர். மருத்துவர் ஜேக்கப் டா காஸ்டா அவர்களை அங்ஙனம் ஒதுக்கினாரல்லர். முந்நூறுக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, துன்பம் மெய்யே என 1871-இல் எழுதினார். அதுவே அவர் பெருமை. ஆயினும், காரணத்தை அவர் இதயத்திலேயே தேடினார்: காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கடும்பணியும் இதயத்தைச் சீர்குலைத்தன என்றார், ஓய்வும் டிஜிட்டாலிஸ் மருந்தும் தந்தார்.

1895-இல் வியன்னா அறிஞர் பிராய்டு இத்தகைய துடிப்பையும் திணறலையும் அச்சத்தின் வெளிப்பாடாகக் கண்டு தனிநோயாக வகுத்தார். 'பீதிக் கோளாறு' என்னும் பெயரோ 1980-இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நூலில் இடம்பெற்றது. டா காஸ்டா கண்ட வீரர் அனைவர்க்கும் இதுவே நோய் எனல் பொருந்தாது. சிலர்க்கு உடற்பிணியும் இருந்திருக்கும்.