அறங்காவலர் குழு

தமிழ்நாட்டின் இந்துக் கோயில்களையும் அவற்றைச் சார்ந்த அறக்கட்டளைகளையும் நிருவகிக்கச் சட்டப்படி அமைக்கப்படும் குழு. கோயில் சொத்து அங்குள்ள இறைவனுக்கே உரியது. குழு அதைப் பராமரிக்கலாம். உரிமை கொண்டாட முடியாது. ஆவணங்களில் வரும் தர்மகர்த்தா, டிரஸ்டி, தக்கார் முதலிய பதவிப் பெயர்களுக்கு இந்த அடிப்படையிலேயே பொருள் கொள்ள வேண்டும்.

வரலாறு

சென்னை மாகாணத்தின் 1817ஆம் ஆண்டு 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம், கோயில் மானியங்களின் மேற்பார்வையை ரெவினியூ போர்டிடம் ஒப்படைத்தது. பிற சமயக் கோயில்களைக் கிறித்தவ அரசு நடத்துவதா என்று மிஷனரிகள் எதிர்க்கவே, 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி விலகத் தொடங்கியது. 1863ஆம் ஆண்டு 20ஆம் சட்டம், அரசின் பொறுப்பில் இருந்த கோயில்களின் மேற்பார்வைக்குக் கமிட்டிகளை உருவாக்கியது. கமிட்டி உறுப்பினர் பதவி ஆயுட்காலப் பதவி. நீக்க வேண்டுமானால் நீதிமன்றம் செல்ல வேண்டும். கோயிலை நேரடியாக நடத்தியவர் தர்மகர்த்தா.

மடத்துச் சொத்தை நிரந்தரக் குத்தகைக்கு விட்டது பற்றிய வித்யா வாருதி தீர்த்தர் வழக்கில், 1921இல் பிரிவி கவுன்சில் முக்கியத் தீர்ப்பளித்தது. மடாதிபதியோ கோயில் நிருவாகியோ ஆங்கிலச் சட்டம் சொல்லும் டிரஸ்டி அல்லர். சொத்து அவருக்கு உரிமையாவதில்லை. ஆனால், நிருவாகச் சீர்கேட்டுக்கு டிரஸ்டியைப் போலவே அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பனகல் அரசரின் நீதிக்கட்சி அரசு 1925இல் கொண்டுவந்த அறநிலையச் சட்டத்தின் செல்லுபடி கேள்விக்குள்ளானதால், அது 1927இல் 2ஆம் சட்டமாக மீண்டும் இயற்றப்பட்டது. மேற்பார்வைக்குத் தனி வாரியம் அமைந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டம் வாரியத்தைக் கலைத்து, ஆணையர் தலைமையில் அரசுத் துறையை ஏற்படுத்தியது. சிரூர் மடம் வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் அதன் சில பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. இன்று நடைமுறையில் இருப்பது 1959ஆம் ஆண்டு 22ஆம் சட்டம்.

இன்றைய பொருள்

எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், ஒரு கோயிலின் நிருவாகம் யாரிடம் உள்ளதோ அவரே அறங்காவலர் என்கிறது 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(22) பிரிவு. அறங்காவலருக்குரிய பொறுப்பு சட்டப்படி யார்மீது விழுகிறதோ அவரையும் அது சேர்த்துக்கொள்கிறது. பெயரை மாற்றிக்கொண்டு யாரும் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்பதே இந்த வரையறையின் பலம்.

வழிவழியாக உரிமை பெற்று வருபவர் பரம்பரை அறங்காவலர். பரம்பரை உரிமை இல்லாத கோயில்களில் 47ஆம் பிரிவின்படி 3 முதல் 5 பேர் வரை கொண்ட குழு குறிப்பிட்ட காலத்துக்கு நியமிக்கப்படும். பட்டியல் சாதி அல்லது பழங்குடியினரில் ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் அதில் இடம் உண்டு. குடமுழுக்கு அழைப்பிதழின் அடியில் ‘தக்கார்’ என்று அச்சிட்டிருந்தால், அறங்காவலரின் பணியை இடைக்காலமாகக் கவனிக்க நியமிக்கப்பட்டவர் அவர் என்று பொருள். அரசுத் துறை நியமிக்கும் செயல் அலுவலர் இவர்களிலிருந்து வேறானவர்; தமக்கு ஒதுக்கப்பட்ட அதிகாரங்களை மட்டுமே செலுத்தலாம்.

சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் 2014 ஜனவரி 6 அன்று உச்ச நீதிமன்றம், செயல் அலுவலர் நியமனம் காலவரையின்றி நீடிக்க முடியாது என்றது. சீர்கேட்டைச் சரிசெய்யவே அரசு தலையிடலாம். அது தீர்ந்ததும் நிருவாகத்தைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே நியமன ஆணையைப் படிப்பவர் பதவியின் பெயரோடு நின்றுவிடக் கூடாது. எந்தப் பிரிவின்கீழ் நியமனம், எவ்வளவு காலத்துக்கு, கணக்கு யாரிடம் என்பவற்றையும் பார்க்க வேண்டும். கோயில் சொத்துக்குப் பாதுகாப்பு தருபவை அவையே.