நொய்யல் கரைச் சாத்து வணிகர்: பண்டைக் கொங்குநாட்டின் பயண வாழ்க்கை

திருப்பூர் நகரின் ஊடாக ஓடும் நொய்யல் ஆற்றை ஒட்டி, சேரநாட்டுக் கடற்கரையையும் காவிரிச் சமவெளியையும் இணைத்த பழைய வணிகப் பாதை ஒன்று இருந்தது. பின்னலாடை ஏற்றுமதியால் உலகம் அறிந்த இந்தப் பகுதி, ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பும் அயல்நாட்டுச் சந்தைக்குச் சரக்கு அனுப்பிய நிலப்பகுதியே. அக்காலத்தில் கூட்டமாகச் சரக்கு ஏற்றிக்கொண்டு நெடுவழி செல்லும் வணிகர் குழுவுக்குச் 'சாத்து' என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான். பெருஞ்சாத்தின் தலைவன் என்பது அதன் பொருள். கண்ணகியின் தந்தை மாநாய்கன், கடல் வணிகன். நிலவழிப் பயணமும் கடல்வழிப் பயணமும் மணஉறவு கொண்ட கதையாகவே அக்காப்பியம் தொடங்குகிறது.

பண்டைத் தமிழக வணிகம் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் யவனர் கப்பலில் வந்ததையும், பொன்னைத் தந்து மிளகை வாங்கிச் சென்றதையும் சொல்வர். அகநானூற்றுப் பாடல் ஒன்று முசிறித் துறையில் நடந்த இந்த மாற்றை அழகாகக் காட்டுவதும், ரோமானிய நாணயங்கள் கொங்குப் பகுதியில் மிகுதியாகக் கிடைத்ததும் இதற்குக் காரணம். இப்படிச் சொல்லும்போது தமிழ் வணிகர் ஊரிலேயே அமர்ந்து, வருவோர்க்கு விற்றவர் போன்ற தோற்றம் உண்டாகிறது. அது சரியன்று. அவர்கள் ஓயாது பயணம் செய்தவர்கள். எதை எடுத்துச் சென்றார்கள், எப்படிச் சமைத்தார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதற்கெல்லாம் பாடல்களிலும் பானை ஓடுகளிலும் சான்று இருக்கிறது.

பாதையும் பருவமும்

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியில் கலக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுஞ்சுவராக நிற்கும் இடத்தில், பாலக்காட்டுக் கணவாய் மட்டும் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்த வாயிலாக அமைந்துள்ளது. முசிறியில் இறங்கிய சரக்கும் முசிறிக்குப் போக வேண்டிய சரக்கும் இந்த வாயில் வழியாகவே வண்டியில் செல்ல முடியும். கணவாயைத் தாண்டினால் பேரூர், வெள்ளலூர், சூலூர். பிறகு நொய்யல் கரையோடு கொடுமணல். அதற்கும் கிழக்கே சேரரின் கருவூர். அங்கிருந்து காவிரியை ஒட்டி உறையூருக்கும் புகாருக்கும் செல்லலாம். வெள்ளலூரில் 1842இல் ஒரே இடத்தில் 522 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஒரு பானையில் இவ்வளவு காசைப் புதைத்தவர், திரும்பி வந்து எடுக்கலாம் என்ற எண்ணத்தில்தான் புதைத்திருப்பார்.

எகிப்தின் செங்கடல் துறைகளிலிருந்து கப்பல்கள் ஆடி மாத வாக்கில் புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு முசிறியை அடைந்தன. காற்று திசை மாறிய பின் மார்கழி, தை மாதங்களில் திரும்பின. இடைப்பட்ட சில மாதங்களே கொள்முதலுக்கான காலம். உள்நாட்டுச் சாத்துகள் இந்தக் கணக்கை அறிந்தே நகர்ந்திருக்க வேண்டும். தாமதமாகச் சென்றவனுக்கு அடுத்த ஆண்டுதான் கப்பல். ஏற்றுமதித் தேதியைத் தவறவிடக் கூடாது என்ற இன்றைய திருப்பூர்க் கவலைக்கு இந்த மண்ணில் வயது அதிகம்.

வண்டியில் இருந்தவை

நெடுவழிப் பயணத்தின் மிக விரிவான படம் உப்பு வணிகரான உமணரைப் பற்றிய பாடல்களில் கிடைக்கிறது. உமணர் ஊரைவிட்டுப் பிரிந்து சென்றவர் அல்லர். ஊரையே வண்டியில் ஏற்றிச் சென்றவர். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை அவர்களது வண்டியை உறுப்பு உறுப்பாக வருணிக்கிறது. ஒரே மரத்தில் கடைந்த சக்கரம், மேலே வேய்ந்த கூரை, வாசலில் கோழிக்கூடு, பெண் யானையின் முழங்கால் போன்ற சிறிய உரல், முகப்பில் கயிற்றால் கட்டிய காடிப் பானை. பிள்ளையை வைத்துக்கொண்டே பெண் எருதை ஓட்டுகிறாள். மாற்று எருதுகளும் உடன் வருகின்றன. அந்நூல் தொண்டைநாட்டு மன்னன் இளந்திரையனைப் பற்றியது என்றாலும், வண்டிகளின் அமைப்பு நாட்டுக்கு நாடு பெரிதாக மாறியிருக்காது.

காடி என்பது புளித்த நீருணவு. வெயிலில் நடப்பவருக்குத் தாகமும் பசியும் ஒருங்கே தீரும். கெட்டுப்போகும் என்ற கவலையும் இல்லை. கோழியும் உரலும் இருந்தால் போகிற இடமெல்லாம் சமையல் நடக்கும். அடுப்புக்கு மூன்று கல் போதும். உமணர் சமைத்துவிட்டுப் போன கல்லடுப்பில், பின்னால் வந்த மழவர் இறைச்சி வேகவைத்து உண்டதாக அகநானூறு கூறுகிறது. மழவர் வில்லேந்திய வீரர், வழிப்பறியும் செய்தவர். சாத்து தங்கிய இடத்துக்கே அவர்களும் வந்து சேர்கிறார்கள் என்பது அந்த அடுப்பில் புலப்படும் செய்தி. சிறுபாணாற்றுப்படையில் உமணரோடு கூடவே வரும் குரங்கு ஒன்று, அவர்கள் பிள்ளைகளோடு சேர்ந்து, கிளிஞ்சலுக்குள் முத்தை இட்டுக் கிலுகிலுப்பை ஆட்டி விளையாடுகிறது. பயணம் நீண்டதாக இருந்ததற்கு இதைவிட இயல்பான சான்று கிடைப்பது அரிது.

இவை எல்லாவற்றிலும் முதன்மையான பொருள் சேம அச்சு. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை உமணர் வண்டியின் அடியில் கட்டியிருக்கும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். எருது இளையது, நுகத்துக்குப் பழகாதது. ஏற்றிய பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் ஓர் அச்சை உபரியாகக் கட்டிக்கொண்டார்கள். அரசனைப் புகழ வந்த புலவருக்குச் சிங்கமும் புலியும் போதாமல், வண்டிக்காரனின் உபரி அச்சு நினைவுக்கு வந்திருக்கிறது. அதியமானின் தகடூர் கொங்குக்கு அண்டை நிலம்; கேட்டவர்கள் இந்த உவமையை உடனே உணர்ந்திருப்பார்கள்.

எருதுக்கு இவ்வளவு நல்ல முடிவு கிடைக்கவில்லை. கால் முடமான எருதை உமணர் ஆளில்லாத இடத்தில் விட்டுச் சென்ற காட்சியையும் புறநானூறு பதிவு செய்கிறது. சாத்து ஒருவருக்காக நிற்காது.

காவலும் சுங்கமும்

மிளகு போன்ற விலை உயர்ந்த சரக்குகளைக் கழுதைகளில் ஏற்றினர். பலாமரத்தின் அடியில் காய்த்த பழம்போல இருபுறமும் சமனாகத் தொங்கும் மிளகுப் பொதிகளையும், சுமந்து சுமந்து தழும்பேறிய கழுதை முதுகையும் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. உடன் செல்லும் வணிகரின் தோற்றம் வியப்பளிப்பது. காலில் செருப்பு, உடம்பை மூடிய சட்டை, தோளிலிருந்து தொங்கும் வெண்மையான பிடியுடைய வாள், இடையில் குறுங்கத்தி, கையில் வேல், மார்பில் அம்பு பட்டு ஆறிய வடு. தராசு பிடிக்கும் கை வேலும் பிடித்தது. பாலை நிலத்து வழிகளில் கொலையுண்ட வழிப்போக்கர் மேல் கல்லும் தழையும் குவித்து மூடிய 'பதுக்கை'களைச் சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்வதை நினைத்தால், இந்த ஆயத்தம் மிகையாகத் தோன்றாது.

அரசுகளும் பாதையைக் கவனித்தன. பாதைகள் பிரியும் சந்திகளில் வில்வீரர் காவல் இருந்தனர். அதற்கு ஈடாக உல்கு எனப்பட்ட சுங்கம் பெறப்பட்டது. புகார்த் துறையில் சோழரின் புலிமுத்திரை இட்டுச் சரக்கை விடுத்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. அயல்நாட்டில் வரி இன்னும் கடுமை. முசிறி வணிகம் தொடர்பாகக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, இப்போது வியன்னாவில் உள்ள பாப்பிரசு ஆவணம், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கைக் குறிப்பிடுகிறது. அச்சரக்கு செங்கடல் துறையிலிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, நைல் ஆற்றின் வழியே அலெக்சாந்திரியா சேரும். அங்கு நான்கில் ஒரு பங்கு வரி.

பெயர் பொறித்த பானைகள்

சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கி.மீ. தொலைவில், நொய்யலின் வடகரையில் உள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் அணிகலன்களுக்குப் பெயர்பெற்ற ஊராகக் 'கொடுமணம்' என்பதைச் சுட்டுகின்றன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் இங்கு அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் வெவ்வேறு நிறுவனங்கள் தொடர்ந்தன. இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த தொழிற்கூடங்கள், நூல் நூற்கும் தக்களிகளின் சுடுமண் வட்டுகள் வெளிப்பட்டன. காங்கேயம் வட்டத்துப் படியூரில் கிடைக்கும் பச்சைநிறப் பெரில் கல் இங்கு மணியாக்கப்பட்டது. பெரில் இந்தியாவில் கிடைப்பது, வேறெங்கும் அரிது என்று ரோமானிய அறிஞர் பிளினி எழுதினார்.

கொடுமணலில் கிடைத்த மணிகளில் சூதுபவளமும் நீலக்கல்லான லாப்பிசு லாசுலியும் உள்ளன. முன்னது குஜராத்திலிருந்தும் பின்னது ஆப்கானிஸ்தானிலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. கப்பல் வழியைத் தவிர வடக்கு நோக்கிய நிலவழியும் பயன்பட்டது என்பதை இது உணர்த்தும். 500க்கும் மேற்பட்ட பானை ஓடுகளில் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. பெரும்பாலானவை ஆட்பெயர்கள். தமிழ்ப் பெயர்களோடு சுமணன், விசாகி போன்ற வடபுலத்துப் பெயர்களும் காணப்படுகின்றன. 'நிகம' என்ற சொல் பொறித்த ஓடு வணிகக் குழு இருந்ததைக் காட்டுகிறது. பலர் கூடித் தங்கும் இடத்தில் பானைகள் மாறிப்போகாமலிருக்கப் பெயர் எழுதினார்கள். இன்று விடுதியில் தட்டில் பெயர் எழுதுவதும் இதே காரணத்துக்குத்தான். கருவூரை அடுத்த புகலூர் மலையில் கருவூர்ப் பொன்வாணிகன் நத்தி என்பவர் துறவியருக்குக் கற்படுக்கை அளித்த கல்வெட்டு உள்ளது. பயணத்தில் சேர்த்த செல்வம் இவ்வாறும் செலவானது.

கடல் கடந்த பெயர்கள்

யவனர் மட்டுமே பயணம் செய்தனர் என்ற கருத்தை உடைத்தவை எகிப்தில் கிடைத்த சில ஓடுகள். செங்கடல் துறையான குசேர் அல் காதிமில் கண்ணன், சாத்தன் ஆகிய பெயர்கள் தமிழி எழுத்தில் கிடைத்தன. சாத்தன் என்ற பெயர் சாத்து என்னும் சொல்லோடு உறவுடையதாகக் கருதப்படுகிறது. அதே இடத்தில் கிடைத்த மற்றொரு ஓட்டில் 'பானை உறி' என்று படிக்கத்தக்க எழுத்துகள் உள்ளன. உறி என்பது பானையைத் தொங்கவிடும் கயிற்று வலை. ஆடும் கப்பலிலும் அசையும் வண்டியிலும் அதைவிடப் பயனுள்ள பொருள் இல்லை. பெரனிகே துறையில் கொறபூமான் என்ற பெயருடைய ஓடும், கோயில் ஒன்றில் இந்தியச் சாடியில் வைத்திருந்த சுமார் 7.5 கிலோ மிளகும் கிடைத்தன.

கிழக்கே, தாய்லாந்தின் குளோங் தோம் என்னுமிடத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்த உரைகல் கிடைத்தது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பொற்கொல்லர் ஒருவர் தம் தொழிற்கருவியில் பெயர் எழுதி, கடலைக் கடந்து கொண்டு சென்றிருக்கிறார்.

பிற்காலப் பெருவழிகள்

ரோமானிய வணிகம் தளர்ந்த பிறகும் கொங்குப் பாதை ஓயவில்லை. கோயம்புத்தூரை அடுத்த சுண்டக்காமுத்தூரில், இராசகேசரிப் பெருவழி என்ற சோழர்காலச் சாலையின் பெயர் தமிழிலும் வட்டெழுத்திலும் பாறையில் வெட்டப்பட்டுள்ளது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் இன்னும் சுவையானவை. நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று எழுத்திலும் எண்ணிலும் பொறித்ததோடு நில்லாமல், இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் கல்லில் வெட்டப்பட்டன. எழுதப் படிக்கத் தெரியாதவரும், இருட்டில் வந்தவரும் விரலால் தடவித் தொலைவை அறியலாம். தாவளம் என்பது வணிகர் தங்குமிடம்.

இக்காலத்தில் ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார் முதலிய வணிகக் கணங்கள் தமக்கென வீரர்களை வைத்துக்கொண்டன. அவர்கள் காத்த ஊர்கள் எறிவீரப்பட்டினம் எனப்பட்டன. சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் சார்பில் வருவோர் கஸ்தூரி விலைக்கு ஏற்பப் பொன் செலுத்தியபின் விரித்த துணியில் ஏற வேண்டும் என்று விதிப்பதாகப் படிக்கப்பட்டுள்ளது. மியான்மரின் பகானில் மலைமண்டலத்து வணிகர் ஒருவர் 13ஆம் நூற்றாண்டில் திருமால் கோயிலுக்கு மண்டபம் எடுப்பித்தார். அவர் ஊர் மகோதயர்பட்டினம். பழைய முசிறியின் வட்டாரத்தைச் சேர்ந்தது.

சென்னையிலிருந்து பேப்பூருக்கு 1862இல் முழுமையான இருப்புப்பாதை, ஈரோடு, ஊத்துக்குளி, திருப்பூர் வழியாக வந்து அதே பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தது. பொறியாளர்களுக்கும் வேறு வாயில் கிடைக்கவில்லை. இன்று திருப்பூரின் ஆடைப் பெட்டிகளில் ஒரு பகுதி கொச்சித் துறைமுகத்துக்குக் கொள்கலன் வண்டிகளில் செல்வதும் அவ்வழியே.