சுருங்குறித்தொடர்: தோற்றமும் தமிழ்ப் பனுவலாய்வும்

எழுத்துத்தொடர்களிலிருந்து வேண்டிய பகுதியைப் பிரித்தெடுக்கவும் மாற்றியமைக்கவும் பயன்படும் கணினிக் குறியீட்டு முறை சுருங்குறித்தொடர் ஆகும். ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என வழங்கும் இதன் வேர் நரம்பணுக்கள் பற்றிய கணிதத்தில் உள்ளது. 1943இல் மெக்கல்லக், பிட்ஸ் ஆகியோர் நரம்பு வலையமைப்பிற்குக் கணித மாதிரி ஒன்றை அளித்தனர். அதனை ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி 1951இல் இம்முறையை வகுத்தார். அவர்தம் கட்டுரை 1956இல் நூலில் வெளிவந்தது. ஓர் உறுப்பு பன்முறை வரலாம், வாராதும் இருக்கலாம் எனச் சுட்டும் உடுக்குறி அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

இக்கோட்பாட்டைப் பனுவல் தேடலுக்குரிய வழிமுறையாகக் கென் தாம்சன் 1968இல் வெளியிட்டார். யூனிக்ஸ் இயங்குதளத்தின் ‘எட்’ தொகுப்பானில் இருந்த தேடற் கட்டளை, 1973இல் ‘கிரெப்’ என்னும் தனிக்கருவியாயிற்று. 1987இல் லாரி வால் உருவாக்கிய பெர்ல் மொழி இதனைப் பரவலாக்கியது.

பிறையடைப்புள் அமைந்த பகுதியைக் கணினி நினைவில் கொண்டு, மாற்றுத்தொடரில் வேண்டிய இடத்தில் மீண்டும் அமைக்கும். 15-08-1947 என்பதை 1947-08-15 என மாற்றுதல் இவ்வாறே நிகழ்கிறது.

தமிழ்ப் பனுவல்களில் இதனைக் கையாளுங்கால் ஒரு சிக்கல் எழுகிறது. இலக்கணம் ஓரெழுத்தாகக் கொள்ளும் ‘லை’, யூனிகோடு முறையில் லகரமும் ஐகாரக் குறியுமாகிய இரு குறிகளாகும். எனவே ‘கல’ எனத் தேடின் ‘கல்’, ‘கலை’ ஆகியனவும் அகப்படும், சொல்லடைவு பிழைபடும். புள்ளியோ உயிர்க்குறியோ பின்வரலாகாது என்னும் வரையறையைத் தேடுதொடரில் சேர்த்தலே இதற்குத் தீர்வாகும். எழுத்திலக்கண அறிவு கணினிவழி ஆய்விற்கும் இன்றியமையாதது என்பது இதனால் பெறப்படும்.